நாற்பத்தைந்து டிகிரி

அந்த நாற்காலியில் பூனை முடி ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு உட்காருங்கள், மிஸ்டர் பெக்வித். காபி கொஞ்சம் கடுமையாக இருக்கும். அப்படிப் போட்டே எனக்குப் பழகிவிட்டது.

உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன். அச்சுக்குப் போகும் முன் என்னிடம் ஒரு பிரதி காட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு நன்றி. வேட்டைத் துறையிலிருந்து வருகிற காகிதங்களில் வழக்கமாக இருக்கும் அலட்சியம் இதில் இல்லை. வேட் கிம்ப்ரெல் சுட்ட முதல் குண்டு கரடியின் உடம்பில் எங்கே பாய்ந்தது, கரடி எத்தனை அடி தூரத்திலிருந்து ஓடிவந்தது, இரண்டாவது தோட்டா ரைபிள் குழலின் பின்வாயில் எந்தச் சாய்வில் சிக்கி நின்றது, எல்லாவற்றையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடம்தான் தவறு. நான்காம் பக்கம், மரணத்துக்கான காரணம். 'செங்குத்தான தோள் கொண்ட முப்பது ஆமட் வகைத் தோட்டா குழல்வாயில் தட்டி நின்றதே காரணம். கரடி நடமாடும் பகுதிகளில் இவ்வகைத் தோட்டாவைப் பயன்படுத்த வேண்டாமென்று துறை எச்சரிக்கிறது.' இந்த இரண்டு வாக்கியங்களும் அச்சாகிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அந்தத் தோட்டாவைத் தொடமாட்டார்கள். அதனால்தான் உங்களை வரச் சொன்னேன்.

ஏன் தவறு என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். ஹெலனா நகரத்துக்குத் திரும்ப உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

கடையில் விற்கிற தோட்டாவை நீங்கள் தினமும் பார்க்கிறவர். சீசாவைப் போல இருக்கும். அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே மெல்லச் சரிந்து, குண்டைப் பிடிக்கிற கழுத்தாகக் குறுகும். அந்தச் சரிவைத்தான் தோள் என்கிறோம். எங்கள் தோட்டாவில் அந்தச் சரிவு இல்லை. பித்தளைக் கூடு நேராக எழும்பி, மேசை விளிம்பு மாதிரி சட்டென்று உள்ளே மடங்கும். நாற்பத்தைந்து டிகிரி. அதே நீளத்துக்குள் கூடுதலாக வெடிமருந்து கொள்ளும். சுடச் சுடக் கூடு நீண்டு போகாது. முந்நூற்றுப் பன்னிரண்டு ரைபிள்களின் குழலை இந்தத் தோட்டாவுக்காக என் கணவர் லூதர் குடைந்து கொடுத்தார், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைசல் இயந்திரத்தில். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. தோட்டாவுக்கும் அவர் பெயர்தான். அவருக்குப் பிறகு, கூட்டை இந்த வடிவுக்குக் கொண்டுவருகிற இரும்பு அச்சுகளைச் செய்து அனுப்புவதும், கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் நான்தான்.

குறைகள் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் தாங்களே தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது பிடிவாதக்காரப் பிள்ளை. இதன் கூடு எந்தக் கடையிலும் கிடைக்காது. வேறொரு கூட்டை வாங்கி, ஒரு முறை சுட்டு, அந்த அழுத்தத்தில்தான் தோள் வெளியே உப்பி வரவேண்டும். வேட்டைக்குப் போகும் முன்பே நூறு குண்டுகள் மண்மேட்டுக்குள் போய்விடும். அச்சில் ஏற்றும்போது எண்ணெய் ஒரு துளி கூடினால் தோளில் பள்ளம் விழும். கழுத்துக்குள்ளே பித்தளை வளையம் போலத் தடிக்கும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். மருந்து அளவு மீறினால் மற்றக் கூடுகள் முன்கூட்டியே முனகிக் காட்டிவிடும். இது கடைசி வரை வாயைத் திறக்காது. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், நீங்கள் எழுதியிருக்கிற அந்த ஒன்று. அடியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகஸினிலிருந்து ஒன்றை போல்ட், அதாவது கையால் இழுத்துத் தள்ளுகிற தாழ், முன்னால் தள்ளும்போது, தோளின் விளிம்பு குழல்வாயில் தட்டும். சரிந்த தோள் என்றால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இது நிற்கும். எப்போதும் இல்லை. சில சமயம்.

வேட் போன மார்ச் மாதம் வந்தார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். தபால் வண்டி ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கான அந்த மாதப் பத்திரிகையில் பதினான்கு வருடங்களாக ஒரு பக்கம் எழுதிவந்தார். அந்தப் பக்கத்தை நம்பி ஆட்கள் ரைபிள் வாங்கினார்கள், விற்றார்கள். வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸஸ் ஆமட், உங்க தோட்டாவைத் திட்டி ஒரு கட்டுரை எழுதப் போறேன். எழுதறதுக்கு முன்னாடி முகத்தைப் பார்த்துச் சொல்லிடலாம்னு வந்தேன்."

"திட்டறவங்க எல்லாம் இந்த வீட்ல காபி குடிச்சிட்டுத்தான் திட்டுவாங்க. உள்ள வாங்க. பூட்ஸைக் கழட்டுங்க."

"செங்குத்துத் தோளால நம்ம ஆளுங்க படற பாடுங்கறதுதான் விஷயம். ஏழு தோட்டாவைப் பத்தி எழுதறேன். உங்களுது நாலாவது."

"முதல் மூணும் யாரோடது?"

"அதைச் செஞ்சவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"நாலாவதும் அப்படித்தானே. தைரியமா எழுதுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, லூதரை மனசுல வச்சுச் சொல்லல. என் வாய்க்கு ஒரு பூட்டு மாட்டி வைக்கணும்னு என் பெண்டாட்டி டோரீன் சும்மாவா சொல்றா" என்றார். நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்கும், மிஸ்டர் பெக்வித். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மீது கோபம் இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு எளிதாக இருக்கும். எனக்கு அவர் மேல் கோபம் இருந்ததில்லை. அவர் நேர்மையானவர். எனக்கு வாய்த்த சிரமம் அதுதான்.

"எழுதறதுக்கு முன்னாடி சுட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"யாரோட ரைபிள்ல?"

"லூதரோடதை எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க, அம்பது தோட்டா நிரப்பித் தரேன். சிக்குதான்னு நீங்களே பாருங்க. சிக்கினா என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க."

அவர் கண்ணில் அப்படியொரு மகிழ்ச்சி. நியாயமான ஆட்டம் என்று நினைத்தார்.

அந்த வாரம் இருநூற்றைம்பது தோட்டாக்கள் நிரப்பினேன். மூன்று பிற்பகல்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மேகஸினில் போட்டு, போல்ட்டைத் தள்ளிப் பார்த்தேன். மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை, கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஒரு முறை. மூன்று தரமும் தயங்காமல் போனவற்றை மட்டும் ஒரு பெட்டியில் அடுக்கினேன். ஐம்பது தேறியதும் நிறுத்திக்கொண்டேன். விரல் நுனிகள் கன்றிப் போயிருந்தன. இதை ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். இலையுதிர் காலக் கண்காட்சிக்கு ஆப்பிள் கொண்டுபோகிறவள் கூடையில் பழுதானதையும் சேர்த்தா வைப்பாள்? நல்லதைத்தான் பொறுக்கி வைப்பாள். பரிசு கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

வேட் ஐம்பதையும் மேகஸினிலிருந்தே தள்ளிச் சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை.

ஜூன் மாத இதழில் அவர் பக்கம் வந்தது. ஆறு தோட்டாக்களைத் திட்டியிருந்தார். எங்களுடையதை மட்டும் கடைசிக்குத் தள்ளி, 'நான் தவறாக நினைத்திருந்தேன்' என்று தொடங்கியிருந்தார். தோள் சரியான இடத்தில், சரியான கையால் வெட்டப்பட்டால் மேகஸின் அதற்கு ஒரு தடையே இல்லை என்று எழுதியிருந்தார். சரியான கையால். அந்த வார்த்தைகளை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பல வருடங்களாக ஒரு கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பவளை யாரோ ஒருவர் திரும்பிப் பார்த்து, நீ எப்போது வந்தாய் என்று கேட்டது போலிருந்தது. அந்தக் கோடையில் நூற்றுக்கும் மேலான கடிதங்கள் வந்தன. அலாஸ்காவிலிருந்துகூட. எல்லாவற்றுக்கும் அச்சு செய்து அனுப்பினேன். இல்லை, அவர்களுக்கு நான் தோட்டாக்களைப் பொறுக்கி அனுப்பவில்லை. அது எப்படி முடியும்? அவரவர் கூட்டை அவரவர்தானே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வேட் தனக்கும் ஒரு ரைபிளை இந்தத் தோட்டாவுக்குக் குடைய வைத்தார். தானே கூடு உருவாக்கி, தானே நிரப்பினார். கோடை முழுக்க துப்பாக்கிச் சங்கத்துத் திடலில் சுட்டார். இந்த ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெஞ்சில் மணல் மூட்டையின் மேல் ரைபிளைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் குழலுக்குள் போட்டுச் சுடுவார்கள். மயிரிழை கணக்காக மருந்து நிறுப்பார்கள். காகிதத்தில் விழுந்த ஐந்து ஓட்டைகளையும் ஒரு பொத்தானால் மூடிக் காட்டிப் பெருமைப்படுவார்கள். வேட்டைக்கு எடுத்துப் போகிற ரைபிளில் மேகஸினை நிரப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. காட்டில் அப்படித்தான் சுடப்போகிறோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. என்னுடைய ஐம்பதை நம்பிவிட்ட வேட்டுக்கும், தன் ரைபிளில் அதைச் செய்து பார்க்க அக்டோபர் வரை தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை தொலைபேசி மணி அடித்தது. நான் அடுப்பில் ஆப்பிள் ஜாம் கிளறிக்கொண்டிருந்தேன். எங்கள் பாதையில் நான்கு வீடுகளுக்கு ஒரே கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் ஆக்னெஸ் ப்ரூயிட் எடுத்துவிடுவாள்.

"ஆக்னெஸ், கீழ வச்சிடு. உங்க வீட்டுக் கடிகாரச் சத்தம் கேக்குது" என்றேன். ஒரு கிளிக் சத்தம். வேட் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"மிஸஸ் ஆமட், நான் எங்கயோ தப்புப் பண்றேன் போல. மேகஸின்லேருந்து தள்றப்ப பத்துக்கு ரெண்டு முட்டிக்கிட்டு நிக்குது. நீங்க குடுத்த அம்பதுல ஒண்ணுகூட நிக்கலையே."

"பெஞ்சுல எப்படி?"

"பெஞ்சுல தங்கம். இன்னைக்குத்தான் மேகஸினை நிரப்பிப் பார்த்தேன். கோடை பூரா ஒண்ணொண்ணாப் போட்டுச் சுட்டுட்டு, எனக்கு நானே கைதட்டிக்கிட்டு இருந்திருக்கேன், முட்டாள்."

"கூட்டைச் சரியா அறுத்தீங்களா?"

"எல்லாம் பார்த்துட்டேன். வியாழக்கிழமை நானும் மச்சானும் வடக்கு ஓடைக்கு மேல எல்க் மான் வேட்டைக்குப் போறோம். போன வருஷம் அங்க ஒரு தாய்க்கரடி குட்டியோட சுத்திக்கிட்டிருந்துச்சு. பழைய ரைபிளையே எடுத்துட்டுப் போய்யான்னு டோரீன் உயிரை வாங்கறா. அது ஒருநாளும் நின்னதில்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஜாமை ஒரு சுற்றுக் கிளறினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொண்ணு. சொல்லவே சங்கடமா இருக்கு. அங்கயும் இப்படியே நின்னுச்சுன்னா நான் மறுபடி எழுதித்தான் ஆகணும். என்னை நம்பிச் செஞ்சுக்கிட்டவங்க இருக்காங்க இல்லையா. உங்ககிட்ட மறைச்சு எழுதமாட்டேன். அதான் முதல்லயே சொல்லிடறேன்."

ஜாம் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அகப்பையை எடுத்து ஓரமாக வைத்தது நினைவிருக்கிறது. அந்த நிமிடத்தைப் பலமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன். ஏதாவது தயக்கம் இருந்ததா என்று. இல்லை. வருடக்கணக்காகச் செய்த வேலையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் நிதானம்தான் இருந்தது.

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் மிகச் சின்னது. குண்டை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி வையுங்கள், தோட்டா நீளமானால் நேராக உள்ளே போகும். அதைச் சொல்ல மனமில்லாவிட்டால் அதைவிடச் சின்னதாக ஒரு பதில் இருந்தது. டோரீன் சொல்வதைக் கேளுங்கள்.

"குண்டை உள்ள அமுக்குங்க, வேட்" என்றேன். "எட்டுல ஒரு அங்குலம்."

"உள்ளயா? நான் வெளிய இழுக்கணும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. லூதரும் முதல்ல அப்படித்தான் நெனச்சார்."

"ஓ. லூதரே கண்டுபிடிச்சதுன்னா சரிதான்."

"மருந்தை ஒரு சிட்டிகை குறைச்சுக்கங்க. உள்ள போனா அழுத்தம் ஏறும்."

இதைச் சொல்லியிருக்காவிட்டால் அவர் சந்தேகப்பட்டிருப்பார். அக்கறையுள்ள ஒருத்திதான் அதையும் நினைவில் வைத்துச் சொல்வாள்.

"பழைய ரைபிள்?"

"வீட்லயே இருக்கட்டும். மலை ஏறறப்ப ரெண்டு பாரம் எதுக்கு?"

"நீங்க இருக்கறவரைக்கும் எனக்குக் கவலையில்ல, மிஸஸ் ஆமட். ஜாம்ல ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வைங்க. கிளறுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். திருத்திய தோட்டாவை அவர் ஏன் மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை? நல்ல கேள்வி. நானும் அன்று அதைத்தான் யோசித்தேன். செவ்வாய் மாலை ஆகிவிட்டது. நிரப்பிய தோட்டாவின் குண்டைக் கழற்றி, மருந்தைக் குறைத்து, மறுபடி உள்ளே அமுக்க ஓர் இரவு போதும், வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தே செய்துவிடலாம். ஆனால் உயிருள்ள தோட்டாவை வீட்டுக்குள் மேகஸினில் போட்டு ஓட்ட டோரீன் விடமாட்டாள். அவள் தகப்பனார் வீட்டில் கூரையில் ஒரு ஓட்டை விழுந்ததிலிருந்து அந்தச் சட்டம். புதன்கிழமை முழுக்கத் தபால் வண்டி. வியாழன் விடிந்ததும் கிளம்ப வேண்டும். திடலுக்குப் போக அவருக்கு வெளிச்சம் மிச்சமில்லை. தொலைபேசியை வைக்கும் முன்பே இதையெல்லாம் நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை அவர் வண்டி இந்த வாசலைத் தாண்டித்தான் போனது. பின்னால் குதிரைகளை ஏற்றிய இழுவண்டி. ஹார்ன் அடித்தார். நான் ஜன்னலில் நின்று கை காட்டினேன்.

கரடி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். தெரியாது. வந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். வராவிட்டால் அவர் திரும்பி வந்து எழுதுவார் என்பதும் தெரியும். அந்த இரண்டு நாட்களும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எல்க்குக்காக அவர் சுடும் முதல் தோட்டா எப்படியும் வெடிக்கும், அதைக் கையால் குழலில் போட்டிருப்பார். விழுந்த எல்க்கின் ரத்த வாடைக்குத்தான் கரடி வரும். இரண்டாவதிலிருந்துதான் மேகஸின்.

நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை, அடித்த எல்க்கை வெட்டிக்கொண்டிருந்தபோது தாய்க்கரடி புதரிலிருந்து வந்தது. அவர் ரைபிளை மறுபடி நிரப்பி, அருகில் மரத்தில் சாய்த்து வைத்திருந்தார். ஒரு முறை சுட்டார். போல்ட்டை இழுத்துத் தள்ளினார். அது பாதியில் நின்றது. குதிரைகளைக் கொண்டுவரப் போயிருந்த மச்சான் கிளெம் கால் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மலையிலிருந்து கிளெம் குதிரையை விரட்டிக்கொண்டு தனியாக இறங்கி வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்போது எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதை நிம்மதி என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் இத்தனை வாரம் தேடியும் வேறு சொல் கிடைக்கவில்லை.

ஞாயிறு பிற்பகல் கோழியும் நூடுல்ஸும் சேர்த்து வேகவைத்து எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக்குப் போனேன். சமையலறை நிறைய ஆட்கள். கிளெம், கடிவாளம் அறுத்த கையில் கட்டுடன் நின்றுகொண்டிருந்தார்.

"நான் ஓடிவந்து ரைபிளை எடுத்தப்ப தோட்டா பாதி வழியில நின்னுட்டிருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களே சொல்லுங்க, ஹெட்டி. உங்க தோட்டாதானே?" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"போல்ட்டைக் கடைசி வரைக்கும் பின்னால இழுக்காம பாதியில தள்ளினா எந்தத் தோட்டாவும் நிக்கும், கிளெம்" என்றேன். "பதட்டத்துல கை அப்படித்தான் செய்யும்."

டோரீன் நாற்காலியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேட் பதறுற ஆளில்லையே, ஹெட்டி."

"கரடி வர்றப்ப யாரா இருந்தாலும் பதறத்தான் செய்வாங்க."

"அப்ப அவர்மேலதான் தப்பா?"

"தப்புன்னு சொல்லாத. மனுஷன்தானே."

அவள் தலையை ஆட்டினாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எலும்பு எலும்பாக இருந்தது. அவர் நிதானமாக நின்று, எல்லாம் சரியாகச் செய்து, அதனால்தான் செத்தார் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதறினார் என்பது தாங்கிக்கொள்ளக் கூடியதாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். போன வாரம் கடையில் பார்த்தேன். யாரோ இரங்கல் சொன்னபோது, "கடைசில பயந்துட்டார் பாவம்" என்று அவளே சொன்னாள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

நீங்கள் அத்துடன் விட்டிருக்கலாம். அவர் சட்டைப் பையில் மிச்சமிருந்த ஏழு தோட்டாக்களை அளந்து பார்த்து, பத்திரிகையில் வந்த நீளத்தைவிட எட்டில் ஒரு அங்குலம் குறைகிறதே என்று ஒரு அடிக்குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அளப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் குறிப்புக்குப் பிறகும் தோள்தான் காரணம் என்ற முடிவுக்குப் போய்விட்டீர்கள்.

இந்த நோட்டைப் பாருங்கள். ஐம்பத்தெட்டாம் வருடம், மே மாதம். குண்டின் ஆழத்தை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோர் ஆழத்துக்கும் நூறு தோட்டா ஓட்டிப் பார்த்திருக்கிறது. எட்டில் ஒரு அங்குலம் உள்ளே போனால் நூற்றுக்கு எழுபத்தொன்று நிற்கும். கோடு போட்டு எழுதியிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் அவருக்கு அதைச் சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சான்று வேண்டுமே. ஆக்னெஸையும் கேளுங்கள். கிளிக் சத்தம் வந்தது என்பதற்காக அவள் காதை எடுத்துவிட்டாள் என்று அர்த்தமில்லை.

ஆம், அது என் கையெழுத்துதான். பெரும்பாலும் என் கையெழுத்துதான்.

அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தைப் பற்றி நீங்கள் போன முறை கேட்டீர்கள், லூதர் வரைந்ததா என்று. ஆம் என்றேன். லூதர் வரைந்தது அதற்கு அடியில், அழித்த தடம் தெரிகிறதே, அது. முப்பது டிகிரி. எல்லாரும் வரைகிற மாதிரி சாந்தமான ஒரு சரிவு. அவர் சாப்பிடப் போயிருந்தபோது அழித்துவிட்டு நாற்பத்தைந்தாக நான் வரைந்தேன். அவர் திரும்பி வந்து, கோணமானியை வைத்து அளந்து பார்த்தார். பிறகு, "அழகா இருக்கு, ஹெட்டி" என்றார். பெயர் வைக்க வேண்டி வந்தபோது அவர் பெயரை வைத்தோம். ஒரு பெண்பிள்ளை வரைந்த தோட்டாவுக்கான ரைபிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேற மொன்டானாவில் யார் முன்வருவார்கள்? அதில் எனக்கு வருத்தமில்லை. முந்நூறு ரைபிள்களுக்குள் நான் இருந்தேன்.

கடைசி வருடத்தில் லூதர் ஒருமுறை, "மேகஸின்ல தட்டுது, ஹெட்டி. கொஞ்சம் சாய்ச்சுடலாமே" என்றார். நான் அவருடன் ஐந்து வாரம் பேசவில்லை. பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

இத்தனை நாள் அவர் பெயரைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லும்போதுதான் தெரிகிறது, அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். "மிஸஸ் ஆமட், என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இதை நான் ஷெரிஃப்கிட்ட கொண்டுபோகணும்" என்கிறீர்கள். தெரியும். வாசலில் இருக்கிற கோட்டை எடுத்துக்கொண்டு உங்களுடனேயே வருகிறேன். விசாரணை, நீதிபதி, செய்தித்தாள், எல்லாம் வரும். டோரீன் என் முகத்தில் துப்புவாள். அது சரிதான். அவர் பயப்படவில்லை என்பதாவது பிள்ளைகளுக்குத் தெரிய வரும்.

ஆனால் கிளம்பும் முன் நான்காம் பக்கத்தைத் திருத்திவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், முழுப் பெயரும். ஹெட்விக் ஆமட், வேண்டுமென்றே தவறாகச் சொல்லி அவரைக் கொன்றார். எச்சரிக்கை வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தோட்டாவின் மேல் பழி இல்லை. சரியான ஆழத்தில் குண்டை வைத்தால் அது பத்துக்கு இரண்டு தடவைதான் நிற்கும், அதையும் எழுதுங்கள். பத்துக்கு இரண்டு என்பது ஒன்றும் அதிகமில்லை.